திங்கட்கிழமை காலை 7:30 மணி

சென்ற இதழில், 2018ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஐந்து மாதங்கள் தன்னார்வ ஆசிரியையாகப் பணியாற்றியதைப் பற்றிச் சில பத்திகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, இங்கே பெங்களூரிலிருந்தே பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் நான்கு கடிதங்களுக்கு இம்முறை விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 26. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்து, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு தர நிறுவனம் சம்மதித்திருக்கிறது. மலையகப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க ஆசை. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆங்கிலம் கற்பிக்கத் தமிழ் எழுத்து எதற்கு என்று தோழிகள் கேட்கிறார்கள். நான் அங்கே பயன்படுவேனா?
– வாசகி, முருகேஷ்பாளையா

பதில்: பயன்படுவீர்கள், ஆனால் தமிழ் எழுத்தைப் பழகிக்கொண்டு போனால் மட்டுமே முழுமையாகப் பயன்படுவீர்கள். உங்கள் தோழிகளின் கேள்விக்கு என் வகுப்பில் நடந்த ஒன்றையே பதிலாகச் சொல்கிறேன்.

நான்காம் தரத்துப் பிள்ளைகள் (வகுப்பை அங்கே தரம் என்பார்கள்) ஆங்கிலப் பாடம் நடக்கும்போது ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் சிறியதாக அதன் ஒலியைத் தமிழில் எழுதிக்கொள்வார்கள். ஒரு நாள் படங்களுக்குப் பெயர் சொல்லச் சொன்னேன். குண்டூசிப் படத்துக்கும் குப்பைத் தொட்டிப் படத்துக்கும் ஒரு சிறுவன் ஒரே மாதிரி வாசித்தான். மற்றவர்களும் அப்படியே வாசித்தார்கள். அவனுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன் (நோட்டுப் புத்தகத்தை அங்கே கொப்பி என்பார்கள்). pin, bin என்ற இரண்டு சொற்களின் மேலும் ‘பின்’ என்றே எழுதியிருந்தான். நம் எழுத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் ‘ப’ ஒன்றுதானே இருக்கிறது? குழந்தையின் மேல் தவறில்லை. தன்னிடம் இருந்த கருவியை அவன் சரியாகத்தான் பயன்படுத்தியிருந்தான். மறுநாள் முதல் ஒரு வாரம் உதட்டின் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, காற்று பட்டுக் காகிதம் ஆடும் ஒலி எது, ஆடாத ஒலி எது என்று விளையாடினோம். ‘பாம்பு’ என்ற சொல்லில் அந்த இரண்டு ஒலிகளும் அடுத்தடுத்து வருவதைச் சொல்லிக் காட்டியபோது அந்தச் சிறுவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. அந்தக் கொப்பியைப் படிக்கத் தெரியாத ஒருவர், எவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசுபவராக இருந்தாலும், பிள்ளைக்குக் கவனம் போதாது என்று எண்ணிக் கடந்து போயிருப்பார்.

பேச்சுத் தமிழ் உங்களிடம் இருப்பதால் எழுத்தைக் கற்க இரண்டு மாதம் போதும். தமிழ்நாட்டு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். இலங்கைப் பாடநூல்களும் அந்நாட்டுக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் மூன்று மொழிகளிலும் கிடைக்கின்றன. நீங்கள் கற்பிக்கப் போகும் வகுப்பின் ஆங்கிலப் புத்தகத்தையும் தமிழ்ப் புத்தகத்தையும் புறப்படுவதற்கு முன்பே ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் (கல்வி உதவித்தொகை) பரீட்சை, பதினோராம் தரத்தில் கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) சாதாரண தரப் பரீட்சை என்று அங்குள்ள வாழ்க்கை தேர்வுகளைச் சுற்றி ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் நாம் கொண்டுபோகும் பாட்டும் விளையாட்டும் அதிபருக்கு இடைஞ்சலாகவே தோன்றும். அதிபர் என்றால் அங்கே தலைமை ஆசிரியர்.

இன்னொரு பயிற்சியும் தேவை. விடுப்பு தொடங்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கட்டட வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி ஒன்றில் அனுமதி பெற்று இரண்டு மணி நேரம் கற்பியுங்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும் அறையில் குரலை உயர்த்தாமல் நிற்க உங்களால் முடிகிறதா என்பதை முருகேஷ்பாளையாவிலேயே தெரிந்துகொள்ளலாம். முடியவில்லை என்று தெரிந்தாலும் அது நல்ல செய்திதான். நூலகம் ஒழுங்குபடுத்துவது, ஆசிரியர்களுக்குக் கணினி கற்றுத்தருவது என்று உங்கள் தொழிலுக்கு ஏற்ற வேலைகள் அங்கே நிறைய இருக்கின்றன.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா அனுமதியில் போய்ப் பள்ளியில் வேலை செய்வது, சம்பளம் வாங்காவிட்டாலும், விதிக்கு மாறானது. உங்களை அழைக்கும் அமைப்பு அதற்குரிய விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அரசுப் பள்ளி என்றால் வலயக் கல்விப் பணிமனையின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். இரண்டையும் பற்றிக் கேட்டதும் ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், டூரிஸ்ட் விசாவில் வாருங்கள்’ என்று ஓர் அமைப்பு சொன்னால், வேறு அமைப்பைத் தேடுங்கள்.

போவதற்கு முன் அந்த மக்களின் வரலாற்றையும் கொஞ்சம் படியுங்கள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1869இல் தொடங்கிய இலை நோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று, அவர்களைக் கேட்காமலேயே பங்கு பிரித்தது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி, ‘மிஸ், எங்க அப்பாயியோட தங்கச்சி உங்க ஊரு பக்கந்தானாம்’ என்றபோது, புத்தூரைத்தான் சொல்கிறாள் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கர்நாடகத்தில் அறுபது ஆண்டு வாழ்ந்த நான் அதை அறியாமல் அவள் முன் நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நீங்கள் அறிந்துகொண்டு போங்கள்.

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் கோடை விடுமுறையில் நேபாளத்தில் ஓர் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும் என்கிறாள். வார இறுதியில் போக்கராவும் சித்வானும் சுற்றிக் காட்டுவார்களாம். கட்டணம் ஒரு லட்சத்துக்கும் மேல். நல்ல காரியம்தானே என்று கட்டிவிடலாமா?
– தந்தை, ஸ்ரீராமபுரம்

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். உங்கள் மகளின் மனம் நல்ல மனம். அந்த மனத்தை வைத்து நடத்தப்படும் வியாபாரம் நல்லதில்லை.

அநாதை இல்லம் என்ற பெயரில் நடக்கும் இடங்களில் இருக்கும் குழந்தைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். கம்போடியாவில் யுனிசெஃப் துணையோடு நடந்து 2011இல் வெளியான ஆய்வு, அந்நாட்டு இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் நிலை இதுதான் என்று கண்டது. நேபாளத்திலும் இதே கதைதான். படிப்பு தருகிறோம், சோறு தருகிறோம் என்று சொல்லி மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, வெளிநாட்டார் வரும் ஊர்களில் இல்லம் நடத்துகிறார்கள். பணம் கொடுத்துக் குழந்தைகளைக் கொஞ்ச வருபவர்கள் இருக்கும்வரை குழந்தைகளும் தேவைப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா தன் 2018ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைத் தடுப்புச் சட்டத்தை உருவாக்கியபோது இந்தக் குழந்தைக் கடத்தலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும், சுற்றுலாவோடு சேர்ந்து அநாதை இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களின் தீங்கைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இல்லம் நேர்மையானதாகவே இருந்தாலும் ஒரு விஷயத்தை யோசியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருவராக, ஆண்டுக்கு இருபத்தைந்து அக்காமார் வந்து மடியில் தூக்கிவைத்துக்கொண்டு, அழுதுகொண்டே விடைபெற்றுப் போவதை ஐந்து வயதுக் குழந்தை எப்படித் தாங்கும்? நம் வீட்டுக் குழந்தையை அப்படி விடுவோமா?

மகளிடம் மறுத்துப் பேசாமல், அந்த முகவரிடம் மூன்று கேள்விகளை அவளே கேட்கட்டும். என்னிடம் காவல்துறை நற்சான்றிதழ் கேட்பீர்களா? நான் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த இல்லத்துக்குப் போகிறது என்று எழுதித் தருவீர்களா? நான் வராவிட்டால் என் வேலையை யார் செய்வார்கள்? முதல் கேள்விக்கே ‘தேவையில்லை’ என்று பதில் வந்தால், யார் வேண்டுமானாலும் அந்தக் குழந்தைகளின் அறைக்குள் நுழையலாம் என்று அர்த்தம். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது புரியும்.

நேபாளம் பார்க்க வேண்டும் என்றால் குடும்பமாகப் போய் வாருங்கள். இந்தியருக்கு விசாவே தேவையில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் விமானத்தில் போகலாம். பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும் என்றால், பெற்றோரோடு வாழும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியாகப் பார்த்து, பட்டம் முடித்தபின் மூன்று மாதமாவது தங்கும்படி அவள் போகட்டும்.

கேள்வி: நானும் என் தோழியும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஹட்டனுக்கு அருகே ஒரு பள்ளியில் பணியாற்றத் தேர்வாகியிருக்கிறோம். வார இறுதிகளில் நாடு முழுவதும் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். சிவனொளிபாத மலை, எல்ல, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம், காலி. முடியுமா?
– வாசகி, காக்ஸ் டவுன்

பதில்: உங்கள் பட்டியலைப் பார்த்ததும் என் மூன்றாவது வார இறுதி நினைவுக்கு வந்தது. கோணேசரைத் தரிசிக்க வேண்டும் என்ற ஆவலில் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் திருகோணமலைக்குப் புறப்பட்டேன். ஞாயிறு மாலை திரும்பும் வழியில் கண்டியில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டேன். மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. என் வகுப்பில் கரும்பலகை துடைக்கப்பட்டிருந்தது. தேதியும் ‘ஆங்கிலம்’ என்ற சொல்லும் பிள்ளைகள் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. வெண்கட்டி மேசை விளிம்பில் எனக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. முதல் பாடவேளையிலிருந்து கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, ‘மிஸ், நீங்களும் ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்’ என்றாள். எனக்கு முன் வந்த தன்னார்வலர் ஒருவர் ஒரு வார இறுதியில் போனவர் திரும்பவே இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். ‘நீங்களும்’ என்று அவள் சொன்ன அந்த ஒரு ‘உம்’ என்னை உலுக்கிவிட்டது.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒரே விதி, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் தங்குமிடம் திரும்பிவிட வேண்டும், திங்கள் காலை 7:30 மணிக்கு வகுப்பு வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான். அந்த விதிக்குள் அடங்கும் இடங்களை மட்டும் பார்த்தேன். அப்படிப் பார்த்தாலும் மலையகத்தில் ஐந்து மாதமும் தீரவில்லை.

நீங்கள் போகும் மாதங்களுக்கு ஏற்பப் பட்டியலை மாற்ற வேண்டும். ஜூலையில் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வழிநெடுக விளக்கும் கடையும் இருக்காது. 2,243 மீட்டர் உயரமுள்ள மலையில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை மழையில் இருட்டில் ஏறுவது ஆபத்து. அதை விட்டுவிடுங்கள். அதே மாதங்களில் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஊவா மாகாணத்தில் வானம் வெளுத்திருக்கும். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை எல்லாம் அப்போது பார்க்க அருமையான இடங்கள். ஊவாத் தேயிலை மணம் ஏறும் பருவமும் அதுதான். ரயிலில் போனால் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் மழையும் மூடுபனியுமாக நுழையும் வண்டி அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பட்டிப்பொல, கடல்மட்டத்திலிருந்து 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கும் இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம். தெமோதரைக்கு அருகே 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்காத பயணி இல்லை. ஆனால் தண்டவாளத்தில் நடந்து படமெடுக்க வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மலையகமே மண்சரிவுகளால் சிதைந்து, இந்த ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. எனவே எந்தெந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்பதை ஹட்டன் நிலையத்தில் கேட்டுக்கொண்ட பிறகே திட்டமிடுங்கள்.

சிகிரியாவும் பொலன்னறுவையும் நீண்ட விடுமுறை கிடைக்கும்போது சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அது வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் மூன்று நாள் கையில் கிடைக்கும். அன்று இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும். பொலன்னறுவையில் சோழர் காலத்துக் கற்றளியான வானவன்மாதேவி ஈச்சரத்தை விட்டுவிடாதீர்கள். சிறிய கோயில்தான், ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றைத் தூக்கிவந்து காட்டுக்குள் வைத்தது போல நிற்கும். சார்க் நாட்டவருக்கு இந்த இடங்களில் கட்டணச் சலுகை உண்டு என்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். யாழ்ப்பாணத்தையும் காலியையும் பணி முடிந்த பிறகு ஒரு வாரம் ஒதுக்கிப் பாருங்கள். நல்லூர்க் கந்தனை இரண்டு நாளில் ஓடிப் பார்த்துவிட்டு ஓடிவருவது அவனுக்கும் மரியாதையாக இருக்காது.

எல்லா வார இறுதியும் ஊர் சுற்ற வேண்டும் என்றும் இல்லை. பிள்ளைகள் வாழும் லயன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகள்) ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அழைத்தால் போங்கள். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அதில் உங்களுக்காக ரொட்டி தட்டித் தேங்காய்ச் சம்பல் அரைப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராமல், படம் எடுக்காமல், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், வயது 61. என்னைப் போன்றவர்களை அங்கே ஏற்பார்களா? போகும்போது பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போகலாம்?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: ஐயா, கேட்டவர்களில் அவர்களுக்கு மிகவும் தேவைப்படுபவர் நீங்கள்தான். மலையகப் பள்ளிகளில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை நீண்ட காலமாக இருக்கிறது. நீங்கள் நேரடியாக வகுப்பெடுப்பதைவிட, அங்கிருக்கும் இளம் ஆசிரியர்களின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, பள்ளி விட்ட பிறகு அவர்களோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். பின்னத்தைப் பிள்ளைகள் ஏன் குழப்பிக்கொள்கிறார்கள், எங்கே கோடு போட்டுக் காட்டினால் புரியும் என்பதெல்லாம் நீங்கள் முப்பது ஆண்டில் கண்டெடுத்தவை. நீங்கள் பெங்களூரு திரும்பிய பிறகும் அந்த ஆசிரியர் அதே வகுப்பில் நிற்பார்.

அன்பளிப்பாகப் பிள்ளைகள் கையில் தனித்தனியே எதையும் கொடுக்க வேண்டாம். கிடைக்காத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும், வருகிறவரிடம் கைநீட்டும் பழக்கமும் வந்துவிடும். பாடநூலையும் சீருடைத் துணியையும் அரசே இலவசமாகத் தருகிறது. எடுத்துப்போவதானால் தமிழ்க் கதைப் புத்தகங்கள், பெரிய எழுத்தில், படங்களோடு, பத்துக் கிலோ எடுத்துப்போய் அதிபரிடம் நூலகத்துக்கென்று கொடுங்கள். வடிவியல் பெட்டிகள் ஒரு வகுப்புக்குப் போதுமான அளவு இருந்தால் அதையும் பள்ளிக்கே கொடுத்து, பாடம் முடிந்ததும் திரும்ப வாங்கி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கென்று கம்பளிச் சட்டை இரண்டு, நல்ல குடை ஒன்று, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரானால் மூன்று மாதத்துக்கான மாத்திரையும் மருத்துவர் சீட்டும் கட்டாயம் வேண்டும். தோட்டப் பாதைகளில் மழை நாளில் அட்டை கடிக்கும். காலுறைக்கு மேல் சோப்பைத் தடவிக்கொண்டு நடக்கச் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏழாம் தரத்துச் சிறுவன் ஒருவன். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேர விமானப் பயணம். ஆனால் கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் பாதை நீளமானது, வளைவுகள் நிறைந்தது. இரவில் இறங்கினால் கொழும்பில் தங்கிவிட்டு, விடிந்த பிறகு புறப்படுங்கள்.